ஜோன்ஸா, பேரட்டா? ஒஹாயோ ஸ்டேட் குவாட்டர்பேக் இடம் யாருக்கு?

24 ஆகஸ்ட் 2015, இரவு

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியில், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் இடத்தைப் பற்றி வந்த கேள்வி இது: "முதுகலை படிக்க இந்த மாதம்தான் கொலம்பஸ் வந்தேன். பஸ்ஸில், லேபில், மளிகைக் கடையில், எங்கே போனாலும் ஜோன்ஸா பேரட்டா என்கிறார்கள். போன வருஷம் 3 ஆட்டத்தை மட்டும் ஆரம்பித்த ஜோன்ஸுக்கு எந்த நியாயத்தில் முதலிடம் கேட்கிறார்கள்? 11 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த பேரட், கால் ஒடிந்த ஒரே காரணத்துக்காக வரிசையில் பின்னால் போக வேண்டுமா?"

என் பதில்: ஜோன்ஸ்தான்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2014 ஆகஸ்டில், அப்போதைய முதல் குவாட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோள் போனது. சீசனே முடிந்தது என்று நான் உட்பட எல்லாரும் நினைத்தோம். டெக்சஸ் விச்சிட்டா ஃபால்ஸிலிருந்து வந்த ஜே.டி. பேரட் உள்ளே வந்தார். இரண்டாவது ஆட்டத்தில் வர்ஜீனியா டெக்கிடம் சொந்த மண்ணில் 35-21 தோல்வி. அதற்குப் பிறகு தோற்கவே இல்லை. பந்து வீசி 34, தானே ஓடி 11 என்று 45 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்குள் சேர்ப்பது). ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் ஐந்தாவது இடம். நவம்பர் 29 அன்று மிச்சிகனுக்கு எதிராக, ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியான நான்காம் குவார்ட்டரில் கணுக்கால் முறிந்தது.

அப்போது வந்தவர்தான் கார்டேல் ஜோன்ஸ். ஆகஸ்டில் அவர் மூன்றாவது ஆள். அதற்குமுன் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் ஆரம்பித்ததில்லை. விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20. தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கப் புதிதாக வந்த பிளேஆஃபின் முதல் கோப்பை. ஆறடி ஐந்து அங்குல உயரம், 250 பவுண்டு எடை, 60 யார்டு தள்ளிப் போகிற ரிசீவர் (பந்து பிடிப்பவர்) கையில் பந்தை வைக்கிற தோள். அழுத்தம் மிகுந்த மூன்று மேடையிலும் நின்று காட்டியவரிடம் இனி என்ன பரீட்சை வைக்க வேண்டும்?

25 ஆகஸ்ட் 2015, காலை

இரவு பழைய ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். அலபாமாவை வென்ற அந்த சுகர் பௌல் ஆட்டம் என்றாலே, இடைவேளைக்குச் சற்று முன் மைக்கேல் தாமஸ் ஓரக் கோட்டுக்குள் கால் வைத்துப் பிடித்த டச்டவுன்தான் என் கண்ணில் நிற்கும். அது ஜோன்ஸ் வீசியது என்றே எட்டு மாதமாக நினைத்திருந்தேன். வீசியது இவான் ஸ்பென்சர், அவரே ஒரு ரிசீவர். ஆட்டத்தை முடித்துவைத்த 85 யார்டு ஓட்டம், பந்தோடு ஓடுகிற எசக்கியேல் எலியட்டுடையது. ஓரிகன் ஆட்டத்திலும் எலியட் 246 யார்டு, 4 டச்டவுன்.

ஜெயித்த பிறகு எல்லாவற்றையும் குவாட்டர்பேக் கணக்கில் எழுதிவிடுகிறோம். நேற்று எழுதியதை மாற்றவில்லை. ஆனால் நேற்று இருந்த உறுதியில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

30 ஆகஸ்ட் 2015

இந்தப் பேச்சில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியின் கிரிக்கெட் அணியில் நான் இரண்டாவது கீப்பர். மூன்று வருஷம் வலையில் பந்து பொறுக்கினேன், தண்ணீர் தூக்கினேன். மூன்றாம் வருஷம் முதல் கீப்பருக்கு விரல் முறிந்தது. மண்டலப் போட்டியில் மூன்று ஆட்டம் நான் நின்றேன், மூன்றிலும் ஜெயித்தோம். நான்காவது ஆட்டத்துக்கு முன்னால் பி.டி. சார் கூப்பிட்டார். "அவனுக்கு விரல் சரியாயிடுச்சு. இன்னைக்கு நீயே நில்லு. ஆனா ஒரு கேட்ச் விட்டாலும் அவன்தான் உள்ள வருவான், பாத்துக்க."

அன்று முழுக்க நான் பந்தைப் பார்க்கவில்லை, பெவிலியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கிளவுஸ் மாட்டுகிறானா, ஷூ கயிறு கட்டுகிறானா என்று. ஒன்பதாவது ஓவரில் வந்த கேட்ச் தோளுயரத்துக்கு நேராக வந்தது. விட்டேன். அதன்பிறகு கல்லூரி அணிக்கு நான் ஆடவில்லை.

இருபது வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பந்தின் தையல் இன்னும் தெரிகிறது. பெஞ்சிலிருந்து வந்தவன் நன்றாக ஆடிவிட்டால் இடம் அவனுக்கே என்று நான் சொல்வதில் இந்தக் காயமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாடுவது சரியில்லை.

8 செப்டம்பர் 2015

பிளாக்ஸ்பர்க்கில் வர்ஜீனியா டெக்கை 42-24 வென்றுவிட்டோம். பழைய கணக்கு தீர்ந்தது. மில்லர் இப்போது பந்து பிடிக்கிற இடத்துக்கு மாறிவிட்டார். 53 யார்டு ஓட்டத்தில் நடுவில் பம்பரமாக ஒரு சுழற்று சுழன்றாரே, அதை வீட்டில் ஐந்து முறை போட்டுப் பார்த்தோம்.

முதல் ஸ்நாப் (பந்தைக் குவாட்டர்பேக்குக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஜோன்ஸ் கையில். ஆனால் அந்த நொடிவரை, ஆரம்பிக்கப்போவது யார் என்று தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மையர் வெளியே சொல்லவே இல்லை. எதிரணியைக் குழப்புவதற்காக என்கிறார்கள், அது புரிகிறது. ஜனவரியில் கோப்பை தூக்கியவர், தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் படிப்பை முடிக்கத் திரும்பி வருகிறேன் என்று தன் பழைய பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அறிவித்தவர். அவரைப் பற்றி "இவர்தான்" என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்ல எட்டு மாதம் போதவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

20 செப்டம்பர் 2015

நேற்று ஸ்டேடியத்தில் இருந்தேன். நார்தர்ன் இல்லினாய் 13, நாம் 20. ஜெயித்துவிட்டு ஒரு லட்சம் பேர் தலை குனிந்து ஹை ஸ்ட்ரீட்டில் நடந்து போவதை நேற்றுதான் பார்த்தேன்.

ஜோன்ஸ் இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதாவது வீசிய பந்து எதிரணி கைக்குப் போனது. இரண்டாம் குவார்ட்டரிலேயே வெளியே. பேரட் ஓடி வந்தபோது எழுந்த சத்தம் இருக்கிறதே, அது வரவேற்பு இல்லை, தீர்ப்பு. எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஜோன்ஸின் 12ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு பேரட் பெயரைக் கத்தினார். பேரட்டும் வந்து ஒரு இன்டர்செப்ஷன் கொடுத்தார். கடைசியில் காப்பாற்றியது தற்காப்பு அணி. டாரன் லீ எதிரணி வீசிய பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடித்தான் மூச்சு வந்தது.

என் மனைவிக்கு இந்த விளையாட்டின் விதி பாதி தெரியாது. அவள்தான் முதலில் கேட்டாள்: "அந்தப் பையன் ஏங்க ஒவ்வொரு தடவையும் ஓரத்தையே திரும்பிப் பாக்குறான்?"

எனக்குப் பதில் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

20 செப்டம்பர் 2015, மாலை

"எல்லாக் குவாட்டர்பேக்கும் ஓரத்தைப் பார்ப்பார்கள், அடுத்து என்ன ஆட வேண்டும் என்ற சைகை அங்கிருந்துதான் வரும்" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். உண்மை, அதை எழுதாமல் விட்டது என் தவறு. ஆனால் சைகைக்காகப் பார்ப்பது ஸ்நாபுக்கு முன்னால். அவள் சொன்னது, பந்து ரிசீவர் கைக்குப் போகாமல் தரையில் விழுந்த மறு வினாடி பார்த்த பார்வை. எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

27 செப்டம்பர் 2015

வெஸ்டர்ன் மிச்சிகன், 38-12. ஜோன்ஸ் நன்றாக வீசினார். இன்று எழுத வேறொன்றும் இல்லை.

11 அக்டோபர் 2015

மேரிலாந்து, 49-28. ஜோன்ஸ் 291 யார்டு வீசினார். ஆனால் கோல் கோட்டுக்கு 20 யார்டுக்குள் வந்ததும் அவர் வெளியே, பேரட் உள்ளே. பேரட் ஓடி மூன்று டச்டவுன்.

எண்ணிக்கையைப் பார்த்தால் அருமையான ஏற்பாடு. பேரட் குறுகிய இடத்தில் சட்டென்று முடிவெடுப்பவர், ஜோன்ஸின் தோளுக்கு அங்கே வேலையில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 60, 70 யார்டு உழுது நாற்று நட்டவனை அறுக்கும்போது வரப்பில் நிற்கவைப்பது எப்படிப்பட்ட ஏற்பாடு? அடுத்த முறை 21ஆவது யார்டில் நிற்கும்போது அவன் மனசு எங்கே இருக்கும்?

இப்படி நடப்பது புதிதல்ல. 1999ல் மிச்சிகனில் பயிற்சியாளர் லாயிட் கார், முதல் குவார்ட்டர் டாம் பிரேடிக்கு, இரண்டாவது ட்ரூ ஹென்சனுக்கு, இடைவேளையில் முடிவு என்று சில ஆட்டங்கள் நடத்திப் பார்த்தார். பிரேடி மூத்தவர், ஹென்சன் ஊரே கொண்டாடிய இளையவர். பின்னாளில் பெரும் நட்சத்திரமான அந்தப் பிரேடியை, தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஒருவரை முழுதாக நம்பாமல் பாதியாக ஆடவைத்தால், வெளியே இருந்து பார்க்கிறவனுக்கும் அவர் பாதியாகத்தான் தெரிவார்.

18 அக்டோபர் 2015

பென் ஸ்டேட், 38-10. ராத்திரி ஆட்டம், நம்மவர்கள் கறுப்புச் சீருடையில். பேரட் ஓடி இரண்டு, வீசி இரண்டு.

என் வாக்கை மாற்றுகிறேன். பேரட் வந்தால் பதினொரு பேரும் ஒரே தாளத்தில் நகர்கிறார்கள். எலியட்டுக்கு இடைவெளி கிடைக்கிறது, ஏனென்றால் பேரட்டே ஓடிவிடுவாரோ என்று எதிரணி ஒரு நொடி தயங்குகிறது. ஜோன்ஸ் நிற்கும்போது அந்தத் தயக்கம் இல்லை. ஆகஸ்டில் ஜோன்ஸ்தான் என்று எழுதியது மேலே அப்படியே இருக்கிறது, அழிக்கமாட்டேன்.

25 அக்டோபர் 2015

ரட்கர்ஸ், 49-7. இந்த சீசனில் முதல்முறையாகப் பேரட் ஆரம்பித்தார். வீசி மூன்று, ஓடி இரண்டு டச்டவுன். முடிவு சரி என்றே தோன்றுகிறது. ஜோன்ஸ் இதுவரை ஆரம்பித்த 10 ஆட்டத்தில் ஒன்றில்கூட நாம் தோற்கவில்லை. அப்படிப்பட்டவரைப் பெஞ்சில் உட்காரவைத்ததும் சரிதான் என்று சொல்ல வேண்டியிருப்பது கஷ்டமாக இருக்கிறது.

1 நவம்பர் 2015

பேரட் மீது நேற்று விடியற்காலை வழக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக. ஒரு ஆட்டம் தடை.

கோபம் வருகிறது. இடம் கிடைத்து ஒரு வாரம். 20 வயது என்பதை நினைத்தால் கோபம் கொஞ்சம் இறங்குகிறது, முழுதாக இறங்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த இடத்தை ஒரு ராத்திரியில் நழுவவிடலாமா? பக்கத்து நாற்காலியில் ஒருவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது?

8 நவம்பர் 2015

மின்னசோட்டா, 28-14. ஜோன்ஸ் வந்தார், ஆடினார், கடைசியில் தானே ஓடி ஒரு டச்டவுனும் போட்டார். 11 ஆட்டம் ஆரம்பித்து 11 வெற்றி. அடுத்த வாரம் இல்லினாய்க்கு எதிராக மறுபடி பேரட் என்கிறார்கள்.

ஒருவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. மன்னிப்புக் கேட்கும்படி யாரும் தவறு செய்யவும் இல்லை. அதுதான் இதில் கனமான விஷயம்.

22 நவம்பர் 2015

தூங்கவில்லை. மிச்சிகன் ஸ்டேட் 17, நாம் 14. 23 ஆட்டமாகத் தோற்காத அணி. மழையில், காற்றில், நம் ஊரில், கடைசி நொடியில் மைக்கேல் கைகர் காலால் உதைத்து அடித்த 41 யார்டு ஃபீல்டு கோல். அடித்துவிட்டு அவர் கையைக் காற்றாடி போல் சுற்றிக்கொண்டு ஓடியது கண்ணை மூடினாலும் வருகிறது.

நம் மொத்த யார்டு 132. பேரட் வீசியது 46. எலியட்டுக்கு 12 முறைதான் பந்து கொடுத்தார்கள், 33 யார்டு. ஆட்டம் முடிந்ததும் அவர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். ஜோன்ஸ் பெஞ்சில்.

வயிற்றை அடைப்பது இன்னொன்று. அவர்களுடைய முதல் குவாட்டர்பேக் கானர் குக் நேற்று ஆடவில்லை, தோள் காயம். ஆடியது டைலர் ஓகானர், டேமியன் டெரி என்று இரண்டு மாற்று ஆட்கள். ஆமாம், இரண்டு பேர். மூன்று மாதமாக இரண்டு பேரை மாற்றி மாற்றி ஆடவைத்தால் உருப்படாது என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு, இரண்டு மாற்று ஆட்களே வந்து பதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

22 நவம்பர் 2015, மதியம்

சாப்பிட்டுவிட்டு மறுபடி யோசித்தேன். அவர்கள் இரண்டு பேரிடமும் யாரும் குக் ஆகச் சொல்லவில்லை. பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள், ஓட்டத்தை நம்பு, மீதியைத் தற்காப்பு அணி பார்த்துக்கொள்ளும் என்பதுபோல் இருந்தது ஆட்டம். ஓடியே 200 யார்டுக்கு மேல் எடுத்தார்கள். ஒருவர் தப்பு செய்தால் மற்றவர் அவர் இடத்தைப் பறிப்பார் என்ற போட்டி அங்கே கிடையாது, ஏனென்றால் இடம் குக்கினுடையது என்று இருவருக்கும் தெரியும்.

நம்மிடம் ஆகஸ்டிலிருந்தே அது தெளிவாக இல்லை. போன வருஷம் இந்தப் பிள்ளைகளோடு கூடவே இருந்து செதுக்கிய டாம் ஹெர்மன் ஹூஸ்டனுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அந்த இழப்பை யாரும் கணக்கில் எடுக்காமல் ஜோன்ஸையும் பேரட்டையும் தராசுத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தோம். நானும்தான்.

29 நவம்பர் 2015

ஆன் ஆர்பரில் மிச்சிகனை 42-13. ஒரு வாரம் முன்னால் இப்படி ஆடியிருந்தால் பிளேஆஃபில் இருந்திருப்போம்.

30 ஏப்ரல் 2016

நம் அணியிலிருந்து 12 பேரைத் தொழில்முறை அணிகள் எடுத்திருக்கின்றன, முதல் சுற்றிலேயே 5 பேர். ஜோன்ஸ் நான்காவது சுற்றில், 139ஆவது ஆளாக, பஃபலோவுக்கு. 2015 ஜனவரியில் அந்தச் சூட்டோடு போயிருந்தால் இன்னும் மேலே போயிருப்பார் என்று நண்பர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். திரும்பி வந்தது பணக் கணக்கில் நஷ்டம்தான்.

10 மே 2017

ஜோன்ஸ் பட்டம் வாங்கிவிட்டார்! 2012ல் முதலாண்டு மாணவராக, ஃபுட்பால் ஆட வந்தோமே தவிர பள்ளிக்கூடம் ஆட வரவில்லை, வகுப்பெல்லாம் வீண் என்கிற மாதிரி ஒரு ட்வீட் போட்டு நாடு முழுக்கத் திட்டு வாங்கியவர். பட்டமளிப்பு விழாத் தொப்பியின் மேல் அதே ட்வீட்டை ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். நஷ்டம் என்று மேலே எழுதியிருந்தேனே, அந்த வரியை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கிளீவ்லண்டிலிருந்து வந்த பையன், படிக்க வருகிறேன் என்றார், படித்தார்.

26 நவம்பர் 2017

மிச்சிகனில் பேரட்டுக்கு முழங்கால் போக, டுவேன் ஹாஸ்கின்ஸ் வந்து 31-20 ஜெயித்துக் கொடுத்தார். உடனே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள், இனி ஹாஸ்கின்ஸ்தான் என்று. இந்த முறை நான் அவசரப்படவில்லை.

9 ஜனவரி 2018

அட்லாண்டாவில் நேற்று நடந்ததை இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது?

அலபாமாவும் ஜார்ஜியாவும். இடைவேளையில் ஜார்ஜியா 13-0. ஜேலன் ஹர்ட்ஸ் வீசிய 8ல் 3தான் சேர்ந்தது, 21 யார்டு. அந்த ஹர்ட்ஸ் நேற்றுவரை ஆரம்பித்த 27 ஆட்டத்தில் 25 ஜெயித்தவர். அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்காரவைத்துவிட்டு, ஹவாயிலிருந்து வந்த இடதுகைக்காரர், முதலாண்டு மாணவர் டுவா டங்கோவைலோவாவை இறக்கினார். 20-20 ஆக்கி, கூடுதல் நேரத்தில் 16 யார்டு பின்னால் தள்ளப்பட்டு, 26 யார்டு தேவை என்ற நிலையில் டெவோண்டா ஸ்மித்துக்கு 41 யார்டு வீசி முடித்தார். 26-23.

2015ல் முதல் கேள்வி கேட்ட தம்பி நள்ளிரவில் செய்தி அனுப்பினார்: "அண்ணா, இப்ப என்ன சொல்றீங்க? மாத்தினதாலதானே ஜெயிச்சாங்க?"

ஆமாம் தம்பி, மாற்றியதால்தான் ஜெயித்தார்கள். நார்தர்ன் இல்லினாய் ஆட்டத்தில் ஜோன்ஸை வெளியே எடுத்ததை நான் குறை சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நாள் முழுக்க யோசித்தேன். ஒன்றுதான் தெரிகிறது. டுவா ஒரு இன்டர்செப்ஷன் கொடுத்தார், ரொம்ப மோசமானது. சேபன் அவரை வெளியே எடுக்கவில்லை. இடத்தைக் கொடுத்தார், அத்தோடு தப்பு செய்ய இடமும் கொடுத்தார். 2015ல் நம்மிடம் இரண்டு பேருக்கும் கிடைக்காதது அதுதான்.

கடைசிப் பந்துக்குப் பிறகு கேமரா ஹர்ட்ஸைக் காட்டியது. சிரித்துக்கொண்டு டுவாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். 19 வயது. என்னால் முடிந்திருக்காது.

19 மார்ச் 2018

ஃபுட்பால் இல்லை, மன்னிக்கவும். நேற்று கொழும்பில் தினேஷ் கார்த்திக் 8 பந்தில் 29, கடைசிப் பந்தில் சிக்ஸர். 2004ல் தோனிக்கு மூன்று மாதம் முன்னால் இந்திய அணிக்குள் வந்த கீப்பர். பதினான்கு வருஷம் இன்னொருவர் விட்டுவைத்த இடத்தில் நின்றவர். நேற்று எங்கள் வீட்டில் அழுதது நான் மட்டும் இல்லை.

20 மே 2018

நம் இன்னொரு குவாட்டர்பேக் ஜோ பர்ரோ லூசியானா ஸ்டேட்டுக்குப் போகிறார். மூன்று வருஷம் இங்கே இருந்தார், ஒரு ஆட்டத்தைக்கூட ஆரம்பிக்கவில்லை. போன ஆகஸ்டில் அவர் கை முறிந்திராவிட்டால் இரண்டாவது ஆள் அவராகவே இருந்திருக்கலாம். மிச்சிகனில் பேரட் விழுந்தபோது ஹாஸ்கின்ஸுக்குப் பதில் அவர் ஓடி வந்திருக்கலாம். இப்போது இடம் ஹாஸ்கின்ஸுக்கு. பட்டத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்தப் பக்கத்தை முழுக்கப் படித்துப் பார்த்தேன். அவர் பெயரை நான் இன்றுவரை ஒருமுறைகூட எழுதவில்லை.

2 டிசம்பர் 2018

அதே அட்லாண்டா, அதே ஸ்டேடியம், அதே ஜார்ஜியா. டுவாவுக்குக் கணுக்கால் போனது. 28-21 பின்தங்கியிருக்கும்போது ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். ஜெரி ஜூடிக்கு வீசி ஒன்று, தானே 15 யார்டு ஓடி ஒன்று. 35-28.

இந்த வருஷம் விதி மாறியிருக்கிறது. நான்கு ஆட்டம்வரை ஆடினாலும், கல்லூரியில் ஆடக் கிடைத்த வருஷங்களில் அந்த ஒன்றை மிச்சம் பிடித்துக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போகலாம். கிளெம்சனில் ட்ரெவர் லாரன்ஸுக்கு இடம் போனதும் கெல்லி பிரயண்ட் நான்கு ஆட்டத்தோடு அப்படித்தான் கிளம்பினார். அவரைக் குறை சொல்லமாட்டேன், நானும் போயிருப்பேன். ஹர்ட்ஸ் ஐந்தாவது ஆட்டத்திலும் ஆடினார், இருந்தார்.

இதைப் படித்துவிட்டு, விரல் முறிந்த அந்தப் பழைய முதல் கீப்பர் தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணினான். இந்தப் பக்கத்தைப் படிக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. "நீ பெவிலியனப் பாத்தேன்னு எழுதியிருக்கியேடா. நான் அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? நீ ஒண்ணு விடணும்னு சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். நீ விட்டப்ப எந்திரிச்சுக் குதிச்சுட்டேன். பி.டி. சார் பாத்துட்டார்." இத்தனை வருஷம் அவனுக்கும் அது உள்ளே கிடந்திருக்கிறது. ரொம்ப நேரம் பேசினோம்.

29 டிசம்பர் 2019

நேற்று ராத்திரி நாம் கிளெம்சனிடம் 29-23 தோற்றோம். வலிக்கிறது, அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

அதற்கு முந்தைய ஆட்டம்: அட்லாண்டா, மறுபடி அதே ஸ்டேடியம். லூசியானா ஸ்டேட் 63, ஓக்லஹோமா 28. பர்ரோ முதல் பாதியில் மட்டும் 7 டச்டவுன் வீசினார். எதிரே ஓக்லஹோமாவின் குவாட்டர்பேக், அலபாமாவில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த ஹர்ட்ஸ். இந்த மாத ஹைஸ்மன் வாக்கெடுப்பில் முதலிடம் பர்ரோ, இரண்டாவது ஹர்ட்ஸ், மூன்றாவது நம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். ஃபீல்ட்ஸ் போன வருஷம் ஜார்ஜியாவில் ஜேக் ஃப்ராமுக்குப் பின்னால் நின்றவர். மூன்று பேரும் ஒரு கல்லூரியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு இன்னொன்றுக்குப் போனவர்கள்.

30 டிசம்பர் 2019

கேள்வி கேட்ட தம்பி இப்போது டேட்டனில் வேலையில் இருக்கிறார். நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "நாலு வருஷமா சுத்திச் சுத்தி எழுதுறீங்க அண்ணா, 2015க்கு நேரா ஒரே பதில் சொல்லுங்க" என்கிறார்.

ஜோன்ஸ். பேரட் அவரைவிட முழுமையான ஆட்டக்காரர் என்று தெரிந்தும் சொல்கிறேன். ஜனவரியிலேயே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "இந்த வருஷம் உன்னுடையது" என்று சொல்லியிருப்பேன். பேரட்டையும் கூப்பிட்டு அதையே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். செப்டம்பர் 19 அன்று அந்த இரண்டாவது இன்டர்செப்ஷனுக்குப் பிறகு ஜோன்ஸ் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தபோது, பேரட் தலையில் ஹெல்மெட் இருந்திருக்காது.